பாடத்தில் மாடு இல்லை

உலகச் சண்டைக் காலத்தில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஓட்டுக் கட்டடத் தேவாலயத்தில் நான் உபதேசியார். பள்ளிக்கூட வாத்தியாரும் நானே. இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் இருந்தது ஒரே தகுதி: பிறர் தப்பாகச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்கள் வினாவிடைப் பாடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதகர் வண்டி கட்டி வருவார். அதற்கு முந்தின நாள் சோதிப்பது என் வேலை. அந்த முறை ஒரு குடியானவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் கும்மிப்பாட்டுப் போல மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். கணவரிடம், "விசுவாசி மரித்தபின் அவன் ஆத்துமா எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "பொழுதோட ஏரு அவுத்துவுட்டா, யாரும் ஓட்டாமயே மாடு வூட்டுக்குப் போவுது இல்லீங்களா? அப்பிடித்தானுங்க."

"பாடத்தில் மாடு இல்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்காகத்தான் சொன்னேன். அடுத்த தடவை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் போதகர் அந்த அம்மாளுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுத்தார்.

அடுத்த தடவைக்குள் அவரைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கடைசி நேரத்தில் ஆள் அனுப்பியிருந்தால் நானே ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்திருப்பேன். சாகக் கிடப்பவருக்கு அப்படிக் கொடுக்க உபதேசியார்களுக்கு அனுமதி உண்டு. "பாடம் இன்னும் வரல, வாத்தியாரு வையுவாரு" என்று அவர்தான் தடுத்துவிட்டாராம்.

தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான் இடம். அவரைக் கிளுவை வேலிக்கு வெளியே புதைத்தோம். குழிக்கும் வேலிக்கும் நடுவே ஒரு முழம்கூட இராது.

எட்டாம் நாள் அந்த அம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "ஐயா, அவரு இப்ப எங்கீங்க இருக்காரு?"

வேதத்தைத் திறந்தேன். செத்தவருக்கு ஒன்றும் தெரியாது என்கிறது ஓரிடம். கடைசி எக்காளம் வரைக்கும் நித்திரை என்கிறது இன்னோரிடம். வேறோரிடத்தில் ஏழை ஒருவனைச் செத்த கையோடு தேவதூதர்கள் ஆபிரகாமின் மடிக்குத் தூக்கிப்போகிறார்கள். இவற்றையெல்லாம் இசைத்துக் காட்டி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தவன் நான். அன்றைக்கு ஒன்றோடொன்று இசையவில்லை. கடைசியில் இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய திருடனைப் பிடித்துக்கொண்டேன். அவனும் ஞானஸ்நானம் பெறாதவன்தான், அவனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்தது என்றேன்.

"அவங்கிட்ட யாருங்க பாடங் கேட்டாங்க?"

"யாரும் கேக்கலம்மா. என்னை நெனச்சுக்குங்கன்னு சொன்னான், அவ்வளவுதான்."

"குடுத்து வச்சவன். எங்கூட்டுக்காரரு உங்ககிட்டயில்ல மாட்டிக்கிட்டாரு."

நான் புத்தகத்தை மூடினேன்.

"ஞானஸ்நானப் புத்தகத்துல எம் பேர அடிச்சுடுங்க ஐயா. நாளைக்கு நாஞ் செத்தா வேலிக்கு உள்ளாற போடுவீங்க. எல்லாரும் எந்திரிக்கிற அன்னிக்கு நான் இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கமா?"

"ஞானஸ்நானத்தை அடிக்க முடியாதும்மா."

"அவருக்குக் குடுக்கவும் முடியல, எனக்கு எடுக்கவும் முடியல. அப்புறம் எதுக்குங்க வாத்தியாரு?"

வேலியைக் குழிக்கு அப்பால் தள்ளி நடலாமா என்று போதகரிடம் கேட்டுப் பார்த்தேன். "வழக்கத்தை மாத்த நீர் யாரய்யா?" என்றார். அதற்கும் பாடத்தில் விடை இல்லை.

அதன்பின் அவள் ஞாயிறு தவறாமல் வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. வேலிக்கு அப்பால், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் வேதபாடம் வாசிக்கும்போது தொண்டை கிழியக் கத்துவேன். சபையார் அதை பக்தி என்று நினைத்தார்கள். அங்கே இரண்டு பேருக்குக் கேட்க வேண்டும். ஒருவருக்குக் கேட்குமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.