திரைச்சீலைக்குப் பச்சைப்பயறு

அடுத்தவர் வீட்டை ஒழித்துக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: எது வேண்டாத சாமான் என்பது நமக்கு உடனே தெரிந்துவிடும். சொந்த வீட்டுக்குள் நுழையும்போது அந்த அறிவு வாசலிலேயே நின்றுகொள்ளும். அலமாரியைத் திறந்து, அரைமணி நேரம் பார்த்து, ஒன்றையும் எடுக்காமல் மூடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் கூலிம் பட்டணத்தில் நான் செய்த வேலை இது. பட்டணத்து வீடுகளில் துணிமணியும் சாமானும் குவிந்து கிடந்தன, தின்ன ஒன்றுமில்லை. ரப்பர்த் தோட்டங்களில் மரவள்ளியும் பச்சைப்பயறும் விளைந்தன, உடுக்கக் கோணிச் சாக்குதான். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எனக்கு ஒரு பங்கு பயறு கிடைக்கும். அந்தப் பயறு அப்பாவுக்கு. அவருக்குப் பெரிபெரி. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் அளவுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. தினமும் பயறு கொடுத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் ஒருநாள் இதயம் நின்றுவிடும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார். என் பங்கு வாரத்தில் நான்கு நாளைக்கு மேல் வராது.

எங்கள் வீட்டிலும் சாமான்கள் கூரை முட்டக் கிடந்தன. அப்பா தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்தவர். ஒன்றையும் தொடவிட மாட்டார். எல்லாம் அவர் சம்பளத்தில் வாங்கியவைதான். ஆனாலும் கேட்டால் பதில் ஒன்றுதான்: "துரை திரும்பி வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

மூன்று கேள்விகள்

என் கூட்டாளி பாக்கியம் அக்கா. கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். எந்தச் சாமானைக் காட்டினாலும் கையில் தூக்கிப் பார்த்து மூன்று கேள்வி கேட்பார்: "உடுக்கலாமா? திங்கலாமா? பன்னிய வெரட்டலாமா?" மூன்றுக்கும் இல்லை என்றால் தோட்டத்தில் அது விலைபோகாது. மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றிதான் அன்றைக்குப் பெரிய எதிரி.

ஒரு வீட்டு அம்மாள் சுவரிலிருந்து வட்டமான பித்தளைக் கருவி ஒன்றைக் கழற்றி வந்தார். மழை வருமா வராதா என்று முள் காட்டுமாம், லண்டன் சாமானாம். முள் நல்ல வெயிலைக் காட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாக்கியம் அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "மழ வந்தா நாங்க நனைஞ்சே தெரிஞ்சுக்குவோம்மா. இது பாவம், இன்னும் நனையல."

வளையம் வைத்த சேலை

பூப்போட்ட கனத்த ஜன்னல் திரை ஒன்று, மேல் ஓரத்தில் பித்தளை வளையங்களோடு. அதை வாங்கிக்கொண்டவள் தோட்டத்தில் வேலை செய்யும் சின்னப்பொண்ணு. வளையங்களை அறுத்துவிடுகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பயறு கொடுத்தது முழுத் திரைக்கு, வளையமும் தன்னுடையது என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் காலையில் தோட்டத்துக்குப் போனபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. ஆட்களை வரிசையில் நிறுத்திக் கிராணி பேர் கூப்பிடுகிறார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து கிலுங் கிலுங் என்று ஒரு சத்தம். மாட்டுவண்டி என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வந்தது சின்னப்பொண்ணு, திரையைச் சேலையாகச் சுற்றி, இடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு வளையம் குலுங்க. வெட்கமாக இல்லையா என்று காதோடு கேட்டேன். அவள் கிராணிக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "இனிமே நான் வேலைக்கு வரலன்னு இவரு பேர் வெட்ட முடியாதுலா. சத்தம் கேட்டுச்சா இல்லியான்னு லயத்தையே சாட்சிக்குக் கூப்புடுவேன்!"

தட்டு மட்டும்

யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர். கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடிதம் இல்லை. அவர் எங்களைக் கூப்பிட்டு நீலக்கோடு போட்ட ஆறு கோப்பைகளை மேசையில் அடுக்கினார். தட்டுகளைக் காணோம். ஜோடியாக இருந்தால் கொஞ்சம் கூடக் கேட்கலாம் என்றேன். அவர் உள்ளே போய் ஆறு தட்டுகளையும் கொண்டுவந்தார். துடைத்தார். திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "அவர் தேத்தண்ணியைத் தட்டிலை ஊத்தித்தான் குடிக்கிறவர், பிள்ளை. கோப்பையைக் கொண்டு போங்கோ, அது ஒருநாளும் அவருக்குத் தேவைப்படேல்லை."

துரையின் குரல்

ஊசி தீர்ந்துபோன கிராமபோன் ஒன்றின் குழலை மட்டும் பாடாங் மேஹாவில் ஒரு கொல்லைக்காரர் வாங்கினார். மூன்றாவது கேள்விக்குச் சரியான சாமான் என்று பாக்கியம் அக்காவுக்குப் பெருமை. இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போனோம். டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிளில் போய், எலும்பெல்லாம் இடம் மாறி நாங்கள் இறங்கியபோது, மனிதர் குழலை வாயில் வைத்து இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார்: "கெட் அவுட், பிளடி ஃபூல்!" புதருக்குள் பன்றிகள் பிய்த்துக்கொண்டு ஓடின.

ஜப்பான்காரன் காதில் விழுந்தால் தலை போகுமே, தமிழில் கத்தக்கூடாதா என்று பதறினேன். குழலைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "கத்திப் பாத்துட்டேன் தங்கச்சி. நம்ம குரலுக்கு நின்னு திங்குது. துரை ஓடிப் போயிட்டாரு, அவரு சத்தத்துக்குப் பன்னி இன்னும் ஓடுது."

சாய்வு நாற்காலி

இதை அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பன்னிக்கும் எனக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார். காலையில் பாக்கியத்தை வரச் சொன்னார்.

தோட்டத்திலிருந்தே ஆட்கள் வந்துவிட்டார்கள். பீரோ, கோட்டு, கம்பளி எல்லாம் போயின. இருபத்துமூன்று கழுத்துப்பட்டைகளை, கோவணம் கட்டக் கயிறாகும் என்று ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவால் அதை மட்டும் பொறுக்க முடியவில்லை. முறையாகக் கட்டத் தெரியாதவனுக்குக் கிடையாது என்று ஒவ்வொருவனையும் குனிய வைத்துக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் காட்டினார். மேலே சட்டையில்லாமல், கீழே கோணிச் சாக்கோடு, பட்டுக் கழுத்துப்பட்டை கட்டிய இருபத்துமூன்று பேர் பயறு மூட்டைகளை எங்கள் கூடத்தில் இறக்கினார்கள். கடைசியில் பாக்கியம் அக்கா அப்பாவையே உற்றுப் பார்த்தார். அவர் சாய்ந்திருந்த நாற்காலியின் கித்தான் நல்ல கெட்டித் துணி. "ஐயா, கொஞ்சம் எந்திரிச்சா அது ரெண்டு கால்சட்டைக்கு வரும்."

அப்பா எழுந்தார். அன்றிலிருந்து மூன்றுவேளையும் பயறு வெந்தது. ஒரு மாதத்தில் பாதத்தில் எலும்பு தெரிந்தது. சுவரைப் பிடிக்காமல் அந்த வெறும் கூடத்தில் அவர் நடப்பதை ஒருநாள் கதவோரம் நின்று பார்த்து நான் அழுதேன். அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார்: "குணமாயிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிவைக்காதே. உக்கார எடமில்ல, அதான் நடக்குறேன்."

வீட்டை ஒழித்தால் மனம் லேசாகும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், உண்மைதான், ஆனால் அதற்கு முன்னால் வயிறு கொஞ்சம் கனக்க வேண்டும்.