நாலு விரல் இடைவெளி

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்டாக இருந்த ராஜமேரிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. அந்தக் காலுக்கு இரும்புக் கம்பி, அடியில் கனத்த பூட்ஸ். வேலையில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யாராவது "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால் போதும், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவளை தினமும் காலையில் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித்தான் ஜீப்பில் ஏற்றினார்கள். சித்தேரி மலையடிவாரத்தில் இருந்த அவள் ஊருக்கு அப்போது பஸ் இல்லை, நசீருதீன் பாயின் வாடகை ஜீப்தான் கதி. அதன் பின்படி அவளுக்கு எட்டாத உயரம். முக்காலி போட்டுப் பார்த்தார்கள். பூட்ஸ் வழுக்கி, சந்தை நாளில் அத்தனை பேர் முன்னால் விழுந்தாள். அதற்குப் பிறகு தூக்குகிற வேலையைத் தக்காளிக் கூடைக்காரி தங்கம்மாள் எடுத்துக்கொண்டாள். தங்கம்மாளுக்கு நல்ல உடம்பு, நல்ல மனசு. "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுக்கேட்டுத் தூக்குவாள். அந்தக் கேள்விதான் ராஜமேரிக்குப் பொறுக்கவில்லை. நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், 1984 பொங்கல் கழிந்து ஒருநாள், "வேலைய வுட்டுடப் போறேன் பாய்" என்று சொல்லிவிட்டாள்.

நசீருதீன் தாடியைச் சொறிந்தார். "நீ ஏன் வேலைய வுடணும்? வண்டியத் தாழ்த்திட்டாப் போச்சு."

அதியமான்கோட்டையில் ரோட்டோரம் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்த முகம்மது கவுஸ், ஜீப்பின் ஒவ்வொரு ஸ்பிரிங் கட்டிலும் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளில் இரண்டை உருவினார். ஜீப் மூன்று அங்குலம் இறங்கியது. ராஜமேரி ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்து, நல்ல காலை வைத்து, ஏறிவிட்டாள். இறங்கி மறுபடியும் ஏறினாள். அன்று அவள் எட்டுத் தடவை ஏறி இறங்கியதாகக் கவுஸ் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் வாடகை வண்டி. இந்த மாற்றத்தை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து, ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ரோட்டில் விடலாம். மனுவை ராஜமேரியே டைப் அடித்தாள். தருமபுரியில் இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, "புதன்கிழமை எட்டுப் பேரோட வாங்க. எல்லாரும் உக்காந்தப்புறம் அச்சுக்கும் மேல இருக்கற சட்டத்துக்கும் நடுவுல என் நாலு விரல் நுழையணும். இல்லேன்னா பள்ளத்துல இடிச்சு அச்சு முறிஞ்சிடும்" என்றார்.

புதன்கிழமை ஜீப்புக்குள் பார்த்ததும் ராஜமேரிக்குத் திக்கென்றது. ஊரிலேயே ஒல்லியான ஆட்களாகப் பொறுக்கி உட்காரவைத்திருந்தார் பாய். கடைசியில் இருந்த பச்சியப்பன் ஊதினால் பறந்துவிடுவார். தங்கம்மாளுக்கு யாரும் சொல்லவே இல்லை.

"பேசாம வா மேரி. எல்லாம் உனக்காகத்தான்" என்றார் பாய்.

அவளும் ஏறிக்கொண்டாள். தருமபுரி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இன்ஸ்பெக்டர் குனிந்து கையை விட்டார். நாலு விரலும் தாராளமாக நுழைந்தது. பேனாவை எடுத்தார். அப்போதுதான் கேட்டுக்கு வெளியே தங்கம்மாள் நிற்பதை ராஜமேரி கண்டாள். கூடையோடு மெயின் ரோடு வரை நடந்து, பஸ் மாறி மாறி வந்திருந்தாள், முகத்தை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டு.

ஊர் வழியில் ஓடைப் பள்ளம் ஒன்று உண்டு. நாளைக்கு அங்கே அச்சு முறிந்து இந்த மனுஷிக்கு ஏதாவது ஆனால், அது தன்னால்தான் ஆகும் என்று ராஜமேரிக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், பேனாவ மூடுங்க. இவங்க தெனம் வர்றவங்க இல்லீங்க. பச்சியப்பண்ணே, எறங்குங்க. தங்கம்மாக்கா, கூடையோட வந்து ஏறுங்க!"

தங்கம்மாள் ஏறினாள். இன்ஸ்பெக்டர் மறுபடி குனிந்தார். மூன்று விரல்தான் போனது. பேனா சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"அடுத்த புதன் வரைக்கும் டைம்" என்றார்.

"உன் வாயாலயே கெடுத்துக்கிட்டியே" என்று பாய் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். வழியெல்லாம் ராஜமேரி வெளியே பார்த்துக்கொண்டு அழுதாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

கவுஸ் பட்டறையில் விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார். "உருவுனதத் திரும்ப மாட்டி, மேல ஒண்ணு சேத்துடறேன். ஆனா எல்லாத்தையும் வளைவு இல்லாமத் தட்டிடறேன். வண்டி தாழ்வாவும் இருக்கும், பாரத்துக்கு அழுந்தவும் அழுந்தாது. ஒண்ணே ஒண்ணு, கட்ட வண்டியாட்டம் குலுக்கும். வர்றவங்க ஒத்துக்கணும்."

தினமும் வருகிற அத்தனை பேரும், "பாவம், மேரிக்காக இதுகூடச் செய்யமாட்டோமா?" என்று தலையாட்டினார்கள். அந்தப் 'பாவ'த்தை இந்த ஒரு தடவை அவள் மென்று விழுங்கினாள்.

அடுத்த புதன்கிழமை தங்கம்மாள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். நாலு விரல் நுழைந்தது. இன்ஸ்பெக்டர் வண்டியைத் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராஜமேரி அந்த இரண்டு வரியையும் எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள்.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் தங்கம்மாள் கையை நீட்டினாள். அதற்குள் ராஜமேரி ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஜீப் ஓடைப் பள்ளத்தில் இறங்கியது. ஒரு குலுக்கு. எட்டுப் பேரும் ஒரு சாண் எழும்பி விழுந்தார்கள். கூடை கவிழ்ந்து தக்காளி காலடியில் நசுங்கியது.

"அடியே மேரி!" தங்கம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "உன் ஒத்தக் காலுக்காக எங்க அத்தன பேரு இடுப்பும் போவுதுடி! என் தக்காளியப் பாரு, ரசமாப் போச்சு!"

எல்லோரும் ராஜமேரியைப் பார்த்தார்கள். அவள் காலைப் பற்றி அவள் முகத்துக்கு நேரே இதுவரை ஒருத்தரும் இப்படிப் பேசியதில்லை. அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்ப நாளைக்கு நடந்து வாங்கக்கா, எனக்கு எடம் தாராளமா இருக்கும்."

"யாருடி நடக்கறது? நடந்து பாரேன் நீ!"

பாப்பிரெட்டிப்பட்டி வரும்வரை இரண்டு பேரும் ஓயவில்லை. நாலு வருஷத்தில் ராஜமேரிக்கு வேலைக்குப் போகிற வழி ஒருநாளும் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.