சாமுவின் ஜன்னலில் இருந்த நாலாம் பாகம்

புத்தகத்தின் வழவழப்பான அட்டை வேர்வையில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் எட்டுக்கும் தோலைப் பிடித்து இழுத்தது. பென்னலூரில் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, ஒரகடம் போகும் சாலையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனி பஸ்கள் குறைவு. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகள்தான் சூடான புழுதியை முகத்தில் அடித்துவிட்டுப் போயின. எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அப்பா செத்த பிறகு சித்தப்பா வீட்டில் சாப்பாடு. முந்தின நாள் அவர், "நாளைலேர்ந்து எங்கனா வேலைக்குப் போ, இல்லாங்காட்டி இந்த வூட்டுப் பக்கம் வராத" என்று சொல்லியிருந்தார். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, அவருக்கும் மூன்று பிள்ளைகள். நான் வேகமாக நடந்ததற்குக் காரணம் வேறு. சட்டைக்குள் இருந்தது திருடிய புத்தகம்.

அது ஆறு பாகங்கள் கொண்ட ஒரு மாயக்கதை. ஏரிக்கு அடியில் ஒரு நாடு இருக்கும். கோடையில் தண்ணீர் வற்றினால்தான் அதன் கதவு கண்ணுக்குத் தெரியும். அந்தக் கதவுக்கும் கரைக்கும் நடுவே ஒரு படகுக்காரி ஆட்களைக் கொண்டுபோய் விடுவாள். எங்கள் ஊரைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை என்பதால், வெடித்த ஏரித் தரையில் நானும் என் சிநேகிதன் சாமுவும் அந்தக் கதவைக் காலால் தட்டித் தட்டித் தேடியிருக்கிறோம்.

புத்தகங்கள் எங்களுடையவை அல்ல. சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் தெற்கத்திப் பையன்கள் ஆறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். பகல் ஷிப்ட் ஆள் எழுந்துபோன பாயில் இரவு ஷிப்ட் ஆள் வந்து படுப்பான். "எங்க ரூம்ல பாய்க்கு லீவே கெடயாது" என்பார்கள். அவர்களில் கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான பேச்சிமுத்து அண்ணன்தான் அந்தக் கதையைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் வேலைக்குப் போகும்போது ஒரு பாகம் என் கைக்கு வரும், திரும்பி வருவதற்குள் அது தலையணைக்கு அடியில் இருக்க வேண்டும். "ஏலே, சோத்துக் கை படக் கூடாது பாத்துக்க" என்பார். ஒரு ஷிப்ட்டுக்குள் ஒரு பாகத்தை முடிக்க நான் பழகிக்கொண்டேன். சாமு மெதுவாகப் படிப்பவன், அவன் வீட்டில் பள்ளிப் பாடம் முடித்த பிறகுதான் கதைப் புத்தகம். அதனால் எப்போதும் எனக்குத்தான் முதலில் வரும், அவனுக்கு அடுத்து.

பெட்டியில் நாலாம் பாகம் மட்டும் இல்லை. சென்னையில் எங்கோ ஒரு பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து வாங்கிய அதை, பேச்சிமுத்து அண்ணன் முதல் சில அத்தியாயங்களைப் படித்த கையோடு கம்பெனி பஸ்சில் விட்டுவிட்டார். கம்பெனி பஸ் என்று சொன்னாலும் அது கம்பெனிக்குச் சொந்தமில்லை, ஒப்பந்தத்தில் ஓடுவது. காலையில் ஒரு கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டு, கண்ணாடியில் இருக்கும் போர்டை எடுத்துவிட்டு வேறு போர்டை மாட்டிக்கொண்டு இன்னொரு கம்பெனிக்கு ஓடும். ஊருக்குப் புதுசான அண்ணன் இதை அறியாமல், தன் கம்பெனி போர்டு மாட்டிய பஸ்களில் மட்டும் இரண்டு வாரம் ஏறி ஏறித் தேடினார். அவர் தேடிய பஸ் வேறு பேரோடு தினமும் அவரைக் கடந்து போயிருக்கிறது.

நான் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவினேன். மூன்றில் இரண்டு கையாலும் துடுப்புப் போட்ட படகுக்காரிக்கு ஐந்தில் வலது கை இல்லை. எப்படிப் போனது என்று ஒரு வரிகூட இல்லை. காஞ்சிபுரம்வரை போய்க் கேட்டுப் பார்த்தேன். "நாலு மட்டும் தனியா வராதுப்பா" என்றார் கடைக்காரர்.

அந்த நாட்களில்தான் சாமு வந்து சொன்னான்.

"நாலாம் பாகம் என்னாண்ட கீது."

"பொய் சொல்லாத."

"ஜன்னலாண்ட வா, காட்றேன். ஆனா கை வைக்கக் கூடாது."

இருந்தது. அவனுடைய அக்கா எஸ்தர் இன்னொரு கம்பெனியில் வேலை செய்தாள். அவள் போகும் பஸ்சில் சீட்டுக்கு அடியில் கிடந்ததை எடுத்து வைத்திருந்த டிரைவர், படிக்கிற பெண்ணாயிற்றே என்று அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் தம்பிக்குக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் சாமு தன் பேர் எழுதிய நோட்டு லேபிளை ஒட்டியிருந்தான். அதன் ஓரத்தில் பால்பாயிண்டில் எழுதிய ஒரு "பே" வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கை எப்டி போச்சு, அத்த மட்டும் சொல்லுடா" என்று கெஞ்சினேன்.

"சொல்ட்டா அப்புறம் இன்னா கீது? நீதான் எல்லாத்தையும் ஃபர்ஸ்ட் படிப்பியே. இத்தப் படி பாக்கலாம்."

ஒரு நாள் முதலை இழுத்துக்கொண்டு போனது என்றான், மறுநாள் கதவில் நசுங்கியது என்றான். எல்லாம் தெரிந்துகொண்டே என்னை அலைக்கழிக்கிறான் என்று நினைத்தேன். எஸ்தர் அக்காகூட, "குடுத்தா தேஞ்சா பூடும்? குடுடா அவனுக்கு" என்றாள். "நான் இன்னும் முடிக்கல" என்றான் அவன்.

பேச்சிமுத்து அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புத்தகம் பெட்டிக்குத் திரும்பியிருக்கும், என் முறையும் வந்திருக்கும். நான் சொல்லவில்லை. சாமுவுக்கு ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது. வேலை முடிந்து பஸ்சிலிருந்து இறங்கும்போது அவனை நினைத்துக்கொண்டு எதையாவது கையில் எடுத்துவர ஓர் அக்கா இருந்தாள். புத்தகம் எனக்குக் கிடைத்தால் மட்டும் போதாது, அவன் ஜன்னல் காலியாக வேண்டும் என்றிருந்தது. அந்த ஞாயிறு அவன் வீட்டில் எல்லோரும் சர்ச் ஆராதனைக்குப் போனதும் கம்பிக்குள் கையை விட்டு எடுத்தேன்.

வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு நிழற்குடையில் உட்கார்ந்து சட்டைக்குள்ளிருந்து உருவினேன். முதல் மூன்று அத்தியாயம் ஒரே மூச்சில் ஓடியது. நாலாவதைப் புரட்டினால் தாள் திறக்கவில்லை. பைண்டிங்கில் வெட்டுப்படாமல் போன பிரதி அது; அங்கிருந்து கடைசிவரை தாள்கள் மேல் விளிம்பில் இரண்டிரண்டாக மடிந்து சேர்ந்தே இருந்தன. ஒரு பிளேடு போதும் எல்லாவற்றையும் பிரிக்க. சாமு பிரிக்கவில்லை. முதலையும் நசுங்கலும் அவனே கட்டிவிட்ட கதைகள். என்னிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருந்தால் போதும் என்று அதை அப்படியே ஜன்னலில் நிறுத்தி வைத்திருக்கிறான்.

அவனுக்கும் தெரியாது என்று தெரிந்ததும் எனக்கு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமலே இருக்க முடிகிறதே அவனால், அதை நினைத்தபோதுதான் வயிறு முன்பைவிட அதிகமாக எரிந்தது. இடுக்கில் ஊதி, ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்தேன். பாதி பாதி வரிகள் தெரிந்தன. விரலை விட்டுக் கிழித்தேன். கோணலாக இறங்கிய கிழிசல் இரண்டு வரியைத் தின்றுவிட்டது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

இப்போது அந்தப் பதிப்பகம் இல்லை. ஆறு பேர் இருந்த அறையை இடித்து நாலு மாடி ஹாஸ்டல் கட்டிவிட்டார்கள். பேச்சிமுத்து அண்ணன் மறு வருடமே ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அவர் புத்தகத்தை நான் அவருக்குக் கொடுக்கவே இல்லை. பின்னாளில் ஓசூரில் நான் தங்கியிருந்த அறையில் மழைநீர் புகுந்தபோது அது கூழாகிப் போனது. நான் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். இன்றும் யார் வீட்டு அலமாரியிலாவது பிரிக்காத புத்தகங்களைப் பார்த்தால் அந்த வீட்டில் காபிகூட இறங்குவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலை ஒரகடத்தில் ஒரு குடோனுக்குப் பின்னால், பார்ட்ஸ் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மடக்கிக் கட்டுகிற இடத்தில் போய் நின்றேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயசு இன்னா?"

"பதினெட்டுண்ணே."

"மூஞ்சிலியே எழுதிக் கீது. கட்டர் புடிப்பியா?"

"புடிப்பேன்."

மஞ்சள் பிடி போட்ட கட்டர் ஒன்றைக் கொடுத்தார். சாப்பாட்டு நேரம்வரை பெட்டிகளை வெட்டினேன். பிறகு அட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து மடிப்பு மடிப்பாகப் புத்தகத்தைப் பிரித்தேன். படகுக்காரியின் கையை யாரும் பறிக்கவில்லை. உள்ளே போனவர்கள் எல்லோரும் திரும்பும்வரை கதவு மூடாமலிருக்க, அவளே அதைக் கதவிடுக்கில் விட்டுவிட்டு வந்திருந்தாள். படித்ததும் சாமுவிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்துவிட்டேன். இதைக் கேட்டு வாயைப் பிளக்கக்கூடியவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். மேஸ்திரி விசிலடித்தார். கட்டரை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனேன்.