கை எட்டிய தூரம்வரை ஒரு கடல்

எங்கள் அன்பு அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மகள் எழுதுவது. அப்பாவைச் சங்கு குளிப்பவராக அறிந்தவர்கள் உங்களில் சிலர். ஓவியராக மட்டுமே அறிந்தவர்கள் பலர். நடுவில் நடந்தது எங்கள் வீட்டாருக்குத்தான் முழுதாகத் தெரியும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மணப்பாட்டில் பிறந்தார்கள். பள்ளியில் படிக்கும்போதே கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்குப் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் யாரும் கேட்காமலே ஒரு மீனையும் போட்டுவிடுவார்களாம். தாத்தா இறந்தபின் படிப்பை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்து சங்கு குளிக்கப் போனார்கள். அம்மாவைத் திருமணம் செய்ததும் இங்கேதான். பிறகு வரைய நேரம் கிடைக்கவில்லை.

வள்ளத்தில் காற்று அனுப்பும் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அப்பா கடலடியில் சங்கு எடுப்பார்கள். மேலே, அப்பாவின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பது அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. ஒருநாள் கம்ப்ரசர் திடீரென்று நின்றுவிட்டது. அப்பா கயிற்றை அசைத்தார்கள். மாமா உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். மேலே வந்த அப்பா பேசினார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். கரை சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

ஆழத்திலிருந்து அவ்வளவு வேகமாக வந்ததால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகித் தண்டுவடத்தைக் கெடுத்துவிட்டன என்று மருத்துவர் விளக்கினார். கேட்டுக்கொண்டு நின்ற மாமா, "அப்ப நான் இழுத்ததுதான் காரணமா?" என்றார்கள். பதில் வருமுன் வெளியே போய்விட்டார்கள். அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அம்மாவின் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்ததில் எங்களுக்கு வந்தது மாடி. படி மிகக் குறுகல். சக்கர நாற்காலி இறங்காது. அப்பாவைத் துணியில் கிடத்தித்தான் மேலே ஏற்றினார்கள். அந்த ஓர் அறைக்குள்ளேயே அப்பாவின் நாள்கள் கழிந்தன. சன்னலைத் திறந்தால் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்கும். கப்பல் தெரியாது, எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். "கடலுக்கு அடியிலகூட குழா வழியா மூச்சு வந்துச்சு. இங்கன அதுவும் இல்ல. சன்னல அடச்சிரு" என்பார்கள் அப்பா. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு முகம் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பார்கள். சோற்றை ஒதுக்கத் தொடங்கினார்கள். அம்மா சவரக் கத்தியையும் மாத்திரைகளையும் இடம் மாற்றி வைத்தார்கள். ஏன் என்று பிள்ளைகள் நாங்கள் கேட்கவில்லை.

கிறிஸ்துமசுக்குச் சன்னல் கம்பிக்கு அடித்த நீல பெயிண்ட் கொஞ்சம் மிஞ்சியது. அம்மா டப்பாவை மூடப் போனபோது, "அத இங்கன வை" என்றார்கள் அப்பா.

"என்னத்துக்கு?"

"வைன்னு சொல்லுதேன்லா."

கட்டிலை ஒட்டிய சுவரில் பூசத் தொடங்கினார்கள். நீலம் தீர்ந்ததும் இன்னும் நீலமும் கறுப்பும் வாங்கிவரச் சொன்னார்கள். கை எட்டிய தூரம்வரை சுவர் இருண்டுபோனது. பார்க்க வந்த பெரியம்மா, "ஏளா, சீக்காளி கெடக்க எடத்த இப்படி இருட்டாக்க விட்டுட்டியே" என்று கடிந்துகொண்டார்கள்.

"பூசுத அன்னைக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிடுதாவ. இருந்துட்டுப் போட்டும்" என்றார்கள் அம்மா.

அந்த இருட்டுக்குள் மெல்ல மெல்லப் பாறைகள் வந்தன. பாசி வந்தது, மணலில் பாதி புதைந்த சங்குகள் வந்தன. கடைசியாக, கீழிருந்து பார்த்தால் தெரியும் வள்ளத்தின் அடிவயிறும், அதன் விளிம்பில் குனிந்து இரு கைகளாலும் கயிறு இழுக்கும் ஓர் ஆளின் உருவமும் வந்தன. அம்மா அதைப் பார்த்ததும் நேரே மாமா வீட்டுக்குப் போனார்கள். "ஒன்ன அவிய கூப்பிடல. நான் கூப்பிடுதேன். வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போ."

மாமா வந்து வாசலிலேயே நின்றார்கள். "இது யாரு அத்தான்?"

"நீதாம்ல. கீழேருந்து பாக்கும்போது ஒன் கை ரெண்டுந்தான் தெரிஞ்சுது. மேல ஆளு இருக்குன்னு பயம் விட்டுப் போச்சு."

"என்னாலதான அத்தான் இப்படி ஆச்சு."

"நீ இழுக்கலன்னா நான் அங்கனயே கெடந்திருப்பேன். கிட்ட வா."

மாமா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அப்பா பெயிண்ட் கையோடு அவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். முடியில் ஒட்டிய நீலம் போகப் பல நாள் ஆனது.

பிறகு அப்பா எட்டி வரையும் அளவுக்குப் பலகைகளை அறுத்துக் கொண்டுவந்தது மாமாதான். ஆண்டுக்கணக்கில் அப்பா கடலடியைத்தான் வரைந்தார்கள். சூரிய உதயம் வரைந்து தரும்படி கேட்டு வந்தவர்களிடம், "இங்கனருந்து அது தெரியாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருமுறை ஒரு கல்லூரியில் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அப்பாவையும் துணியில் கிடத்தி இறக்கிக் கூட்டிப் போனோம். அங்கே, "வரைஞ்சு வரைஞ்சு குணமாயிட்டீங்களா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டார்.

"இல்லம்மா. வரையும்போது காலு ஞாபகம் வராது. பிரஷ்ஷக் கழுவி வச்சதும் வந்துரும். மறுநாளும் வரையணும். அவ்வளவுதான்" என்றார்கள் அப்பா.

அதனால் அப்பா துன்பத்தை வென்றுவிட்டதாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த அறையைக் கடைசிவரை வெறுத்தார்கள். வெறுத்துக்கொண்டே அதற்குள் வரைந்தார்கள்.

படுக்கைப் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டபின் விரல்களில் பிரஷ் நிற்கவில்லை. அப்பா சொல்லச் சொல்ல, அதுவரை கோலத்தைத் தவிர எதுவும் வரைந்தறியாத அம்மா வரைந்தார்கள். "மீனுக்குக் கண்ணப் பெருசாக்கிட்ட. பரவால்ல, நல்லாப் பாக்கட்டும்" என்று சிரித்தார்கள் அப்பா. மறுநாள் காலையில் ஆண்டவரிடம் சேர்ந்தார்கள்.

மாடியேறி வந்து நற்கருணை தந்த பங்குத்தந்தைக்கும், முகம் சுளிக்காமல் புண்ணுக்கு மருந்து கட்டிய செவிலியர் சகோதரிக்கும், கேட்கும் முன்பே வண்ணம் கொடுத்தனுப்பிய பெயிண்ட் கடை அண்ணாச்சிக்கும், அடக்கத்தன்று உடன் நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனக்கு நன்றி போடக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அப்பாவை அந்தப் படி வழியாகக் கடைசியாக இறக்கியபோது தலைமாட்டைப் பிடித்திருந்தது மாமாதான். தெரு வரும்வரை, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள்.