பன்னிரண்டாவது கேசட்

சூசைமாணிக்கம் இருபத்தாறு வருஷம் எஸ்டேட் ஜீப் ஓட்டினார். கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காடு, ஏற்காட்டிலிருந்து சேலம். இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு, ஏற இருபது. உரமூட்டை, முதலாளி வீட்டு விருந்தாளிகள், பிரசவ வலி எடுத்த பெண்கள், ஒருமுறை முதலாளியம்மாவின் பியானோ என்று அவர் ஏற்றாத லோடு இல்லை. அத்தனை வருஷத்தில் அவர் தன் வீட்டில் பகலில் உட்கார்ந்திருந்த நாட்களை மனைவி ஆரோக்கியசெல்வி விரல் விட்டு எண்ணிவிடுவாள். கிறிஸ்துமஸ்கூட அதில் சேராது. அன்றைக்குத்தான் பங்களாவில் கூட்டம் அதிகம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் வீடியோ கேம் சேர்த்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சேர்த்தார். முதலாளியின் பேரப்பிள்ளைகள் வருஷா வருஷம் மே மாதம் பெங்களூரிலிருந்து வரும்போது புதுசு புதுசாக ஏதாவது கொண்டுவரும். புதுசு வந்ததும் போன வருஷத்தது குப்பைக்குப் போகும். "டிரைவர் அங்கிள், இது பழசு" என்று அதுகள் தூக்கிப்போடுவதை இவர் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வார். முதலில் டிவியில் மாட்டி ஆடும் ஆட்டப்பெட்டி வந்தது. பிறகு அதில் செருகும் கேசட்டுகள், ஒரு வருஷம் ஒன்று, ஒரு வருஷம் மூன்று என்று. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய் அலமாரி மேல் ஏறின. ஏறியது ஏறியதுதான். இறங்கவே இல்லை.

"ஏனுங்க, அது என்ன எலுமிச்சங்காய் ஊறுகாயா, இப்படி வருஷக்கணக்கா ஊறப் போட்டு வெக்கறதுக்கு?" என்று செல்வி கேட்பாள்.

"நேரம் கெடைக்கும் புள்ள. கெடைக்கறப்ப ஒவ்வொண்ணா ஆடி முடிப்பேன்."

நேரம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தொண்ணூத்தாறு நவம்பரில், பதினாலாவது வளைவில் அவருக்கு மூச்சு முட்டியது. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு இதயம் வீங்கிவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். செல்வியைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஒரு வருஷம் இருந்தால் பெரிது என்றார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் படிக்க முப்பது வருஷம் கிடைத்திருந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவர் சொன்னார்: "செல்வி, அந்த டின்னை எறக்கு."

பன்னிரண்டு கேசட் இருந்தன. எந்த வருஷம் எது வந்தது என்பது அவருக்கு மனப்பாடம். அந்த வரிசைப்படியே ஆடுவது, ஒன்றைக் கடைசிவரை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று சட்டம் வைத்துக்கொண்டார். ஜீப்பில் மிச்சமிருந்த டிரிப் ஷீட் புத்தகத்தை எடுத்துக் கேசட்டுக்கு ஒரு வரி ஒதுக்கினார். புறப்பட்ட தேதி, சேர்ந்த தேதி. ஆட்டத்தின் முடிவில் படமோ எழுத்தோ வந்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். அந்தப் பெட்டிக்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஏற்காட்டு மலையில் கரண்ட் போவதற்குக் கேட்கவா வேண்டும்? ஒரு சில்வர் ஓக் கிளை சாய்ந்தால் போதும், இரண்டு நாள் இருட்டு. விமானம் சுடும் ஆட்டத்தை அவர் பதினேழு முறை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

அவர் ஆடுவதே ஒரு வேடிக்கை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வளைவு வந்தால் உடம்பு முழுக்கச் சாயும், வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தும். எஸ்டேட் லைன் வீடுகளில் மூன்றாவது வீட்டுக் காவேரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, எதுத்தாப்ல வர்ற வண்டிக்கு ஆரன் அடிக்கலீங்களா?" என்று கேட்டாள். "இங்க ஒருவழி ரோடு கண்ணு" என்றார் அவர் திரும்பாமலே.

செல்விக்கு முதலில் வெட்கமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயசு ஆள் பொம்மையை வைத்து விளையாடுகிறார் என்று லைன் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அவள் காப்பிக் கிடங்கில் கொட்டை பொறுக்குகிற வேலைக்காரி. நாலு மணிக்கு வேலை விட்டு மேட்டுப் பாதையில் ஏறி வரும்போது வீட்டிலிருந்து அந்தக் கீச்சுக் கீச்சுச் சத்தம் கேட்கும். கேட்டால் மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். கேட்காத நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். நாளாக ஆக, உலகத்தில் அவளுக்கு அதைவிட இனிமையான சத்தம் வேறு இல்லை என்றாகிவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்துப் பகலில் புருஷன் வீட்டில் இருக்கிறார். அந்தச் சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியுமா? சாவு கொடுத்த சந்தோஷம் அது.

ஏப்ரல் முடிவதற்குள் பதினொரு கேசட் சேர்ந்துவிட்டன. பன்னிரண்டாவது, கையில் விளக்கோடு ஒரு சின்ன ஆள் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும் ஆட்டம். முப்பது கட்டம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் திரையின் மூலையில் நம்பர் மாறும்.

"அவ்வளவு ஆழத்துல என்ன வெச்சிருப்பான் புள்ள?"

"புதையலா இருக்குமுங்க."

"போ. புதையல்னா பத்துலயே வெச்சிருப்பான். இது வேற என்னமோ." அவர் கால் வீங்கிப் பானை மாதிரி இருந்தது. தலையணை மூன்று வைத்துச் சாய்ந்துதான் தூக்கம். "அடியில என்ன இருக்குதுன்னு பாத்துட்டாப் போதும். அப்புறம் பாத்துக்கலாம்."

எதைப் பார்த்துக்கலாம் என்பது அவளுக்கு விளங்கியது.

இங்கே அந்த லைனின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்பத்து நாலில் ஆறாவது வீட்டு ஐயாக்கண்ணுவின் ஏரியல் வழியாக இடி இறங்கி, ரேடியோ வெடித்து, அவருக்கு இடது காது போனது. அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. மேற்குக் கோடி வீட்டுக்குப் பக்கத்தில் மலை திறந்து கிடப்பதால் இடிச்சத்தம் அங்கேதான் முதலில் கேட்கும். கேட்டதும் அந்த வீட்டுப் பெண் தன் வீட்டு ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, "இடி வருதுங்க, புடுங்குங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். அடுத்த வீடு பிடுங்கிவிட்டு அதற்கடுத்த வீட்டுக்குக் கத்தும். அப்படியே பதினொரு வீட்டுக்கும் போகும். மேற்குக் கோடி வீடு செல்வியுடையது. பதின்மூன்று வருஷமாக அவள் ஒருநாளும் தவறியதில்லை. தூக்கத்தில் இடி இடித்தால்கூடக் கை ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் கண் திறக்கும்.

மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே ஆரம்பித்த ஆட்டம், இரவெல்லாம் பெட்டியை அணைக்காமல் நிறுத்தி வைத்து, அதிசயமாகக் கரண்டும் போகாமல், மத்தியானம் மூன்று மணிக்கு மூலையில் இருபத்தொன்பது என்று காட்டியது. அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. பட்டனை அழுத்தி அந்தச் சின்ன ஆளை அப்படியே நிற்க வைத்துவிட்டு எழுந்தார்.

"செத்த படுத்துட்டு வர்றேன் செல்வி. தொட்டுறாத. இன்னம் ஒண்ணே ஒண்ணுதான்."

"நானெதுக்குங்க தொடப் போறேன்" என்றாள் அவள்.

அவர் உள் அறைக்குப் போனார். அவள் அடுப்பங்கரையில் கஞ்சிக்கு உலை வைத்தாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேற்கே இடி உருண்டது. அவள் எழுந்தாள், முன்னறைக்கு வந்தாள், டிவி ஒயரையும் பெட்டி ஒயரையும் ஒரே இழுப்பில் பிடுங்கினாள், ஏரியலைக் கழற்றினாள், வாசலில் நின்று, "இடி வருதுங்க, புடுங்குங்க" என்று கத்தினாள். அடுத்த வீட்டுக் குரல் அதை வாங்கிக்கொண்டு போனது. திரும்பி உள்ளே வந்தபோதுதான் அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. கையில் ஒயர் இருந்தது. திரை கறுத்துக் கிடந்தது.

அவசர அவசரமாக மறுபடி செருகிப் பார்த்தாள். சின்ன ஆள் முதல் கட்டத்தில் நின்றிருந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் மறுபடியும் பிடுங்கிப் போட்டாள். மழை ஓட்டின் மேல் விழ ஆரம்பித்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"கரண்டு போயிருச்சாட்ட இருக்குது."

"ஆமாங்க" என்றாள் செல்வி.

"அதுக்கென்ன பண்றது. மறுபடியும் பொறப்பட வேண்டியதுதான்."

புறப்பட்டார். ஆனால் விரல்கள் வீங்கிவிட்டிருந்தன. நாலாவது கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. ஐந்து நாள் முயற்சி செய்தார். ஆறாவது நாள் ஆட்டப்பெட்டியின் பட்டன் பிடியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அதற்குப் பிறகு படுக்கைதான். படுத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டார். "அடியில என்னதான் இருந்திருக்கும் செல்வி?" அவள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சாகப் போகிறவரிடம் பொய்யை வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று அழுகை வந்தது. சொல்லவில்லை. இருபத்தொன்பதாம் தேதி விடியற்காலையில், பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போன ஒரு மணி நேரத்தில், சூசைமாணிக்கம் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் செல்வி டின்னை அலமாரி மேல் ஏற்றினாள். டிரிப் ஷீட்டில் பன்னிரண்டாவது வரியில் புறப்பட்ட தேதி இருந்தது. சேர்ந்த தேதி காலி. அந்தக் காலிக் கட்டம் அவளைத் தின்றது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள். அவர் சின்னப் பிள்ளை ஆட்டம்தானே அம்மா, அதில் என்ன பாவம் என்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கு விளங்கவில்லை.

வருஷம் திரும்பியதும் அவளே டின்னை இறக்கினாள். எந்தப் பட்டன் எதற்கு என்றுகூடத் தெரியாது. அவர் விரல் போன இடங்களை நினைவில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் முழுக்க முதல் கட்டத்திலேயே செத்தாள். ஆனால் இருபது வருஷம் கறுப்புக் கொட்டையையும் பூச்சி அரித்ததையும் கண் சிமிட்டும் நேரத்தில் பொறுக்கித் தள்ளிய விரல்கள் அவை. பழகிக்கொண்டன. பத்தாவது கட்டம், பதினைந்து, கரண்ட், முதலிலிருந்து. இருபது, மழை, முதலிலிருந்து. காவேரி ஒன்றும் கேலி செய்யவில்லை. சாயந்தரம் கீச்சுச் சத்தம் கேட்டால் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

தொண்ணூத்தொன்பது ஏப்ரல் இருபத்தைந்து, அதுவும் ஞாயிறுதான். நாலு மணி சுமாருக்கு மூலையில் முப்பது என்று வந்தது. சின்ன ஆள் கடைசி ஏணியில் இறங்கினான். அடியில் ஒரு கதவு. கதவு திறந்தது. உள்ளே போனான். திரை கறுத்தது.

பிறகு வெளிச்சம் வந்தது. மூலையில் ஒன்று என்று இருந்தது. அதே முதல் கட்டம், அதே ஏணி, அதே விளக்கு. சின்ன ஆள் மேலே நின்றுகொண்டு காலைத் தட்டினான்.

அவள் காத்திருந்தாள். படம் வரும், எழுத்து வரும் என்று ரொம்ப நேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான் ஆட்டம். அடியில் ஒன்றுமில்லை, மறுபடியும் மேலே கொண்டுவந்து விட்டுவிடுகிறான். இந்தப் பாழாய்ப்போனதற்காகவா இரண்டு வருஷம் நெஞ்சில் கல்லைச் சுமந்தோம் என்று முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடி, இதை அவரிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று தோன்றியது. சொல்வதற்கு உலகத்தில் அந்த ஒரு ஆள்தான் உண்டு. வேறு யாரிடம் சொன்னாலும் விளங்காது.

மேற்கே இடி உருண்டது. கை தானாக எழுந்து ஒயரைப் பிடுங்கியது. எழுந்து வாசலுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "இடி வருதுங்க, புடுங்குங்க" என்று கத்தினாள்.

இரண்டு அறை வீட்டில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. உள் அறைக் கட்டிலின் அருகிலிருந்த தகரக் குவளை அதிர்ந்தது. செல்வி திரும்பி அந்த அறையைப் பார்த்தாள். கதவு கிடையாது, ஒரு சேலைத் திரைதான். பதினோராவது வீடு வரை எழுப்புகிற குரல், எட்டடி தூரத்தில் முழித்துக்கொண்டு படுத்திருந்தவருக்கு எப்படிக் கேட்காமல் இருந்திருக்கும்?

கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறார். அவள் முகத்தைப் படித்துவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், கரண்ட் போய்விட்டது என்று அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

செல்வி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏனுங்க" என்றாள். "அடியில ஒண்ணுமே இல்லீங்க." பிறகு, "கரண்டு போகலீங்க, நாந்தான் புடுங்கிப்போட்டேன்" என்றாள். அடுத்த வீட்டிலிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு, இடி வருது, இடி வருது என்று குரல்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. அவை அடங்கி, மழை வந்து, மழையும் விட்ட பிறகும் அவள் அழுதுகொண்டிருந்தாள்.