மல்லாட்டைக் கொல்லையில் ஓர் இடம்

அயர்லாந்தில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் இந்தச் சின்ன ஊரில், காலையில் ரேடியோவைப் போட்டால் செத்தவர்களின் பெயரை வாசிக்கிறார்கள். மாட்டுச்சந்தை நிலவரத்துக்கும் விளையாட்டுச் செய்திக்கும் நடுவில், இன்னார் இன்ன இடத்தில் காலமானார், இன்ன கோவிலில் ஆராதனை, இன்ன கல்லறையில் அடக்கம் என்று ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகும். எங்கள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எல்லாரும் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். வந்த புதிதில், இதென்ன கூத்து என்றிருந்தது. போகப்போகப் பொறாமையாகிவிட்டது. குடிகாரன், கோவில் வாசலையே மிதிக்காதவன், பெண்டாட்டியை விட்டு ஓடினவன், ஒருத்தன் பெயரையும் விடுவதில்லை. திருவண்ணாமலையில் என் தங்கை எஸ்தர் செத்தபோது எங்கள் சபையில் துக்க மணிகூட அடிக்கவில்லை.

கூட வேலை செய்யும் ப்ரீடா, புதன்கிழமைகளில் என்னைத் தன் ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போவாள். அவர்கள் கத்தோலிக்கர்கள், நான் வேறு சபை. தனியாக அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல் என்று போய்வந்தேன். ஒருநாள் பிஸ்கட்டும் டீயும் முடிந்ததும் ஒரு கேள்வி போட்டார்கள்: கடவுளின் குணத்தில் உனக்கு எது அழகாகத் தெரிகிறது? ஒருத்தர் பொறுமை என்றார். ஒருத்தர் மன்னிப்பு என்றார். ப்ரீடா கண்கலங்கி, "அவர் என் அப்பா மாதிரி" என்றாள். என் முறை வந்தது. வாயில் வேறு எதுவும் வராமல், "என் தங்கையைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க விடவில்லை" என்று சொல்லிவிட்டேன். ப்ரீடா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! உங்கள் ஊர் இந்துக்கள் அவ்வளவு கொடுமைக்காரர்களா?" இல்லையம்மா, இந்துக்கள்தான் இடம் கொடுத்தார்கள் என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். கடைசியில் மனமிரங்கிக் கொடுத்தார்கள் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். எல்லாரும் கண்ணை மூடி, இந்தியாவில் துன்புறுத்தப்படும் கிறிஸ்தவர்களுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். வேறென்ன செய்ய?

கடவுளின் குணத்தைச் சொல்லச் சொல்வது எனக்குப் புதிதில்லை. எங்கள் அப்பா சபையின் மூப்பர், கமிட்டிச் செயலாளர். அம்மா நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே போய்விட்டாள். தினமும் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு தெய்வ குணத்தைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ண வேண்டும், அதற்கப்புறம்தான் சோறு. அப்பாவுக்குப் பிடிக்குமே என்று நான் எப்போதும் நீதி என்பேன். எஸ்தர் எப்போதும் நீடிய சாந்தம் என்பாள், பொறுமைக்கு எங்கள் வேதத்துச் சொல். பள்ளிக்கூடத்திலிருந்து தினமும் லேட்டாக வருகிறவளுக்கு அதுதானே தோது. அப்பா கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பட்சபாதமில்லாதவரே, ஸ்தோத்திரம்" என்பார். தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபம் நீளும். எஸ்தர் பாத்ரூம் போகிற சாக்கில் மாடிக்கு ஓடிவிடுவாள். திரும்பிவந்து என் காதில், "ஜோதி பாத்துட்டேன்க்கா. இன்னா அழகு தெரியுமா? அழகா இருக்கறதெல்லாம் யார் பண்ணதாம்?" என்பாள். பேசாமல் முட்டி போடுடீ என்று கிள்ளுவேன்.

எண்பத்தொன்பதில் அவள் ஏழுமலையைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்தவர், கீழ்பென்னாத்தூர்க்காரர். கோவிலில் தாலி கட்டினார்கள். விக்கிரகத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டவளைச் சபையை விட்டு நீக்க வேண்டும், மனந்திரும்பி எல்லார் முன்னாலும் அறிக்கை செய்தால்தான் திரும்பச் சேர்க்கலாம் என்பது எங்கள் வழக்கம். ஞாயிறு ஆராதனையில் அவள் பெயரைப் படித்து நீக்கினார்கள். படித்தது செயலாளர். எங்கள் அப்பா. குரல் நடுங்கக்கூட இல்லை, பாவி மனுஷனுக்கு.

சில வருஷம் கழித்து மஞ்சள் காமாலை வந்து எஸ்தர் போய்விட்டாள். அறிக்கை கிறிக்கை ஒன்றும் செய்யவில்லை. அம்மா பக்கத்தில் வையுங்கள் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. ஏழுமலை சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப்போட்டுக்கொண்டு சபைக் காம்பவுண்டு வாசலில் வந்து நின்றார். நானும் நின்றேன்.

"அய்யரே, நான் உள்ள வரல. தூரமாவே நின்னுக்கறேன். அவள மட்டும் அவங்கம்மாகிட்ட வெச்சுடுங்க."

போதகர் அய்யர் இளகின மனசுக்காரர்தான். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா தலையசைத்திருந்தால் போதும்.

"எம் பொண்ணுக்கு ஒரு சட்டம், ஊரான் பொண்ணுக்கு ஒரு சட்டமா?" என்றார் அப்பா. "ஆண்டவர் பட்சபாதம் இல்லாதவர், அய்யரே."

கமிட்டிக்காரர்கள் அதைக் கேட்டு மெய்சிலிர்த்துப்போனார்கள். மூப்பர்னா இப்படி இருக்கணும் என்று ஒருத்தர் என் காதுபடவே சொன்னார்.

ஏழுமலையின் அம்மா பச்சையம்மா, எங்கே வைப்பது என்று யாரையும் கேட்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் அவர்களுக்கு மல்லாட்டைக் கொல்லை உண்டு. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றும் புஞ்சைக்குக் கொல்லை என்றும் பெயர். கிணற்றோரமாகக் குழி வெட்டச் சொன்னாள். வெள்ளாமை போடுற மண்ணுல பொணமா என்று பங்காளிகள் குதித்தார்கள். "எம் மருமவ. எங்கொல்ல. உங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்று ஒரே அதட்டல். பிறகு என்னிடம், "உங்க சாமிக்கு இன்னா சொல்லணுமோ சொல்லும்மா, அவ கொற இல்லாம போவட்டும்" என்றாள். சபையிலிருந்து ஈ காக்கைகூட வரவில்லை. நான் "பிதாவே" என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை. பச்சையம்மா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "போதும் வுடு, அவருக்குத் தெரியும்" என்றாள். கொத்தனாரை விட்டு ஒரு சிலுவை கட்டினாள். கட்டினவள் சும்மா இருந்தாளா, மரியாதையென்று அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். விஷயம் கேள்விப்பட்ட அப்பா, "சிலுவையையே விக்கிரகம் ஆக்கிட்டாங்க பாத்தியா?" என்றார். மகளை வைத்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

நான் இங்கே வந்து சேர்ந்தபின் ஒருநாள் அப்பாவிடமிருந்து போன். வயசாகிவிட்டது, குரல் உடைந்திருந்தது. புது அய்யர் வந்திருக்கிறார், பழைய சட்டத்தையெல்லாம் தளர்த்திவிட்டார்கள், எஸ்தரை எடுத்துவந்து அம்மா பக்கத்தில் வைக்கலாம் என்று கமிட்டி ஒத்துக்கொண்டதாம். "எனக்கும் அங்கதான் எடம். எம் பொண்ணு எங்கூட இருக்கணும்மா. அந்தம்மாகிட்ட நீ வந்து பேசு. எனக்கு மூஞ்சி இல்ல." எனக்கும் ஆசை வந்தது. அவள் கேட்ட ஒரே காரியம் அதுதானே? லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பச்சையம்மா கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை வேறு கல்யாணம் செய்துகொண்டு ஆரணிப் பக்கம் போய்விட்டிருந்தார். சிலுவையில் குங்குமம் அன்றைக்கு வைத்ததுபோல் இருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப வாணாம்னாங்க, நான் ஏன்னு கேட்டனா?" என்றாள். "இப்ப குடுன்னா எப்டி குடுப்பேன்? இத்தினி வருசமா இங்க படுத்துகினு கீறா. எழுப்பக் கூடாதும்மா."

"அப்பா அழறாருங்க அத்தை. அவ பக்கத்துல இருக்கணுமாம்."

பச்சையம்மா கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டாள். கல்லறைக்குப் பக்கத்து மண்ணைக் காலால் தட்டிக் காட்டினாள். "அதுக்கென்னா? அவுரு காலம் வந்தா இங்க கொணாந்து வெய்யி. எடம் கீது."

எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த மனுஷனுக்கா? வாசலில் நின்றவரைத் திருப்பி அனுப்பினவருக்கா, கேட்டதும் இடம்? நானாக இருந்தால் ஒரு பிடி மண் கொடுத்திருக்க மாட்டேன். கடவுளுடைய குணத்தை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், ஒன்றும் என்னை இப்படிச் சுட்டதில்லை. அழகு என்கிறார்களே, அது இப்படிச் சுடும் என்று எவரும் சொல்லவில்லை.

அப்பாவிடம் வந்து சொன்னேன். "அஞ்ஞானி நெலத்துலயா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் இறந்துவிட்டார், அடக்கத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். மூப்பருக்குரிய எல்லா மரியாதையும் நடந்தது. மணி ஓயாமல் அடித்தது, பாடகர் குழு பாடியது, அம்மா பக்கத்தில் வைத்தார்கள். புது அய்யர் என் கையைப் பற்றி, "உங்களுக்கும் இங்க எடம் இருக்கு சிஸ்டர், எவ்ளோ தூரத்துல இருந்தாலும்" என்றார். நல்ல மனுஷர். நன்றி சொன்னேன்.

அயர்லாந்து திரும்பும் முன் கீழ்பென்னாத்தூர் போனேன். ஆடிப்பட்டத்து மல்லாட்டை மஞ்சளாய்ப் பூத்திருந்தது. எஸ்தருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் ஏர் ஓட்டாமல், விதை போடாமல் விட்டிருந்தார்கள். செடி வரிசையெல்லாம் அந்த இடத்தைச் சுற்றி வளைந்து போயின.

"உங்கப்பா வரல" என்றாள் பச்சையம்மா. "நீயாச்சும் வருவியா? இல்ல, நான் வெத போட்டுக்கட்டுமா?"

பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. இந்த வருஷமும் அங்கே விதை போடவில்லையாம்.