காதில் வாங்காத பேச்சு

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி, நாற்பத்தெட்டுப் படி. அதில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு 'லிஃப்ட்காரர்' என்று பெயர். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறிப் போவார். கேலி செய்தால், "வைத்தியர் வீட்டுல யாருக்கும் காய்ச்சலே வராதா?" என்பார்.

நான் இரண்டாவது மாடி, வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டே அவர் அண்ணன் ஆகிவிட்டார். அவர் மனைவி அண்ணி.

அண்ணி கணக்கு டீச்சர். ஐம்பத்தொரு வயதில் ஒருநாள் வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிப்போனது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அண்ணன் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

ஏழு வருஷம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பார். வெந்நீரில் துடைப்பார், தலை வாரிவிடுவார், மசித்த சாப்பாட்டைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவார். அந்த உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ், "எங்க ஆஸ்பத்திரியிலகூட இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க" என்பார்.

ஆனால் அவர் காதில் எப்போதும் இயர்போன் இருக்கும். கிரிக்கெட் வர்ணனை, செய்தி, யாரோ யாரையோ திட்டுகிற விவாதம், ஏதாவது ஒன்று. கை பாட்டுக்கு வேலை செய்யும், காது வேறு எங்கோ இருக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரே அறைக்குள் ஏழு வருஷம் இருக்கிறவருக்கு மூச்சுவிட ஒரு ஓட்டையாவது வேண்டாமா?

அண்ணி போனது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். பதினொன்றரைக்கு அண்ணன் புரட்டிப் படுக்க வைக்கப் போனார், உடம்பு துவண்டு கிடந்தது. தூக்கத்திலேயே போயிருந்தார். வந்தவர்கள் எல்லாரும், "மகராசி, கொடுத்து வெச்சவ. எந்தப் புருஷன் இப்படிப் பார்ப்பான்?" என்றார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். தன்னடக்கம் என்று நினைத்தோம்.

நாலு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் என் தையல் மெஷின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மேலே ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. குழாய் கொட்டிக்கொண்டிருந்தது, கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அண்ணன் காலியான கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கரிந்த பால் வாடை வேறு. குழாயையும் அடுப்பையும் மூடிவிட்டு வந்து, "என்னண்ணே இது?" என்றேன்.

"குழாயைத் திறந்தேனா? ஞாபகம் இல்லையே" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "அன்னிக்குக் காலையில அவ ஏதோ சொன்னா தங்கச்சி" என்றார்.

ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார். காதில் ஆட்டத்தின் கடைசி ஓவர். அண்ணி இடது கையால் இவர் மணிக்கட்டைப் பிடித்து ஏதோ சொன்னார். இவர் ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றிவிட்டு, "என்னம்மா?" என்றார். அண்ணிக்கு ஒரு வாக்கியம் சொல்வது மலையேறுவது மாதிரி. இரண்டாம் தடவை ஏற முடியவில்லை. வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து இரண்டு கரண்டி கொடுத்துவிட்டு, இவர் இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எந்த அணி ஜெயிச்சதுன்னு ஞாபகம் இருக்கு. அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வரமாட்டேங்குது" என்றார்.

மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தவள் முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள். "என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சா மட்டும் அம்மா வந்துடப் போறாங்களாப்பா? எங்களோட வந்துடுங்க." அவர் அசையவில்லை. கடைசியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். மாத்திரையோடு அந்த டாக்டர் ஒரு வேலையும் கொடுத்தார். தினமும் ஏதாவது ஒரு காரியத்தை, வேறு நினைப்பு இல்லாமல், அதை மட்டும் செய்ய வேண்டும். நினைப்பு ஓடினால் திட்டாமல் திருப்பிக் கூட்டிவர வேண்டும்.

அண்ணன் ஒரு டம்ளர் தேய்ப்பதைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் என் வாசலில் வந்து நின்று, "பாதி டம்ளர்கூடத் தேறலை. சோப்பு போடும்போதே நினைப்பு அவ ரூமுக்குள்ள போயிடுச்சு" என்றார். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி நின்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "நாளைக்கு அடியை மட்டும் தேய்ங்க அண்ணே, வாயை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

மூன்று வாரத்தில் முழு டம்ளர் கைக்கு வந்தது. இயர்போனை மகளிடமே கொடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் மாடிப்படியைப் பெருக்க ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு மேலிருந்து ஒவ்வொரு படியாக வருவார். எந்தப் படியின் ஓரம் பெயர்ந்திருக்கிறது, எங்கே எறும்பு புற்று வைக்கிறது என்றெல்லாம் சொல்வார். சில நாள் பாதியில் நின்று துடைப்பத்தோடு வெறித்துக்கொண்டிருப்பார். நான் கூப்பிட மாட்டேன். தானே திரும்பி வந்து, விட்ட படியிலிருந்து தொடங்குவார்.

ஆனால் கடைசி எட்டுப் படியை மட்டும் எப்போதும் அவசரமாகப் பெருக்கிவிட்டு ஏறிவிடுவார். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவருக்கும் பக்கவாதம்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் தனியாகச் சன்னலோரம் உட்கார்ந்து ஏதோ குழறிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை.

ஒரு மாதம் அப்படி ஓடிய பிறகு, ஒருநாள் நாற்பத்தெட்டாவது படியை முடித்துவிட்டுச் சன்னல் பக்கம் போய் நின்றார். "சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார். கண்டக்டர் ஒரே வார்த்தையைப் பத்துத் தடவை சொன்னார். ஃபேன். ஃபேனைக் குறைக்க வேண்டும், குளிருகிறது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தார். நாற்காலியை முகத்துக்கு நேராகப் போட்டுக்கொள்வார், உதட்டையே பார்ப்பார், இடையில் பேச மாட்டார். மெல்ல மெல்லக் குழறல் அவருக்குப் பேச்சானது. தெருமுனைக் கிளினிக்கில் விஷயம் தெரிந்து, இதேபோலப் பேச்சு குழறியவர்கள் இருந்த இன்னும் மூன்று வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். காலை இரண்டு வீடு, மாலை இரண்டு வீடு. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிற மாதிரியே போனார். எங்களுக்கெல்லாம் நிம்மதி. மனுஷன் தேறிவிட்டார் என்று பேசிக்கொண்டோம்.

நானும் அப்படித்தான் நினைத்து, "இப்ப மனசு லேசா இருக்காண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை தங்கச்சி. கத்துக்கக் கத்துக்க வலி கூடத்தான் செய்யுது" என்றார். "கண்டக்டர் பேசறது மூணே மாசத்துல புரிஞ்சுது. நாலு வீட்டுல யாருக்குமே உங்க அண்ணி அளவுக்குத் தெளிவாப் பேச வராது. அப்படின்னா அவ ஏழு வருஷமும் நல்லாத்தான் பேசியிருக்கா. நான்தான் பாதியைக் கேட்டுட்டு, மீதியை நானே இட்டுக்கட்டிக்கிட்டிருந்தேன்."

ஆறுதலாக இருக்கட்டும் என்று, "பெரிசா ஒண்ணும் இருந்திருக்காது அண்ணே. அண்ணியும் ஃபேனைக் குறைக்கத்தான் சொல்லியிருப்பாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்படின்னா குறைச்சிருக்கலாமே" என்றார்.

ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

போன மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே கீழ்வீட்டு மருமகள் ஏறி வந்தாள். "மாமா விடிஞ்சதுலேருந்து ஏதோ ஒண்ணையே சொல்லிக்கிட்டிருக்காரு. எங்க ரெண்டு பேருக்கும் புரியலை. கோவத்துல தட்டைத் தள்ளிட்டாரு."

அண்ணன் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். நானும் கூடப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்டக்டர் தொடங்குவதும் திணறுவதும் மறுபடி தொடங்குவதுமாக நேரம் போனது. மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணன் கண்ணெடுக்கவில்லை.

பிறகு கண்டக்டரின் கையைத் தட்டிக் கொடுத்து, "விட்டிருச்சு. இப்ப பரவாயில்லை" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "என்னைத்தான் கேட்கிறாரு, காய்ச்சல் எப்படி இருக்குன்னு" என்றார்.

கண்டக்டர் சாப்பிட வாயைத் திறந்தார். மருமகள் சிரித்துக்கொண்டே ஊட்டிவிட்டு ஓடினாள்.

திரும்பி ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறதோ என்று பக்கத்தில் போனேன். அழுதுகொண்டிருந்தார். அண்ணி போன அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். யாரோ பால் பாக்கெட்டோடு எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள்.

அப்புறம் போர்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மத்த மூணு வீட்டுக்கும் நாளைக்கு வரேன்னு போன் பண்ணிச் சொல்லணும்" என்றார். எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.